வேல்பாண்டியோட பதினாலாவது ரசீது

போடி ரோட்டுல ஒரு நூல் மில்லு இருக்கு. பேரு வேண்டாம், மொதலாளி கோவிச்சுக்கிருவாக. அந்த மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க்கு குருசாமி. முப்பத்தோரு வருசமா சம்பளச் சீட்டுப் போடுற ஆளு. எரநூத்திப் பன்னெண்டு பேருக்கு மாசாமாசம் கைக்கு எம்புட்டு வருதுங்கிறது அவுகவுக பொண்டாட்டிமாருக்குத் தெரியாது, குருசாமிக்குத் தெரியும். அதனால ஏழாந் தேதி சாயங்காலம் ஆனா இவரு போனு ஓயாது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு ஒம்பதாயிரந்தேன் வந்துச்சுங்கிறாரு. நெசமாண்ணே?"

"நெசந்தேன் ஆத்தா. அதுக்கு மேல ஒரு ஆயிரத்தி எரநூறு வந்துச்சு, அதப் பத்தி மட்டும் என்னயக் கேக்காத."

அங்கன வீட்டுல சட்டி உருளும். மறுநாள் புருசங்காரன் வந்து ஜன்னல்ல நின்னு கத்துவான். இவரு மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. ஊர் வீட்டுச் சங்கதியெல்லாம் சட்டைப் பையில வச்சிருந்த மனுசன். பழனிசெட்டிபட்டியில சொந்த வீடு, சம்சாரம் பஞ்சம்மாள், ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு, ரிட்டயராக இன்னும் ஏழெட்டு மாசம். இப்ப அந்தச் சிரிப்பு மட்டும் இல்ல. அது போன கதைதேன் இது.

மில்லுல ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் வெட்டு மாசம்னு பேரு. தொழில் வரி வெட்டுற மாசம். டெல்லிக்குக் கட்டுற வருமான வரியெல்லாம் பெரிய ஆளுகளுக்கு. இது உள்ளூர் வரி, பேரூராட்சிக்குப் போறது. ஆறு மாசச் சம்பளத்தக் கூட்டிப் பாப்பாக. இத்தன ஆயிரத்துக்குள்ள இருந்தா இம்புட்டு, தாண்டுனா இம்புட்டுன்னு மாடிப்படி மாதிரி வச்சிருக்காக. படியோட ஓரத்துல நிக்கிறவன் பாடுதேன் பாவம். ஒரு ரூவா தாண்டுனாலும் அடுத்த படிக்கு உள்ளது முழுசாப் போயிரும்.

அப்பிடி ஓரத்துல நின்னவந்தேன் வேல்பாண்டி. ப்ளோ ரூம்ல ஃபிட்டரு. அந்த ரூம்லதேன் பஞ்சுப் பொதிய ஒடச்சு மிசின்ல விடுறது, அதனால எந்நேரமும் தலையெல்லாம் வெள்ளையா இருக்கும். பாத்தா கிழவன், வயசு முப்பத்தஞ்சு. ஏழு வருசத்துக்கு முன்னால ஆகஸ்டு ஏழாந் தேதி, சம்பளக் கவரப் பிரிச்ச கையோட ஜன்னலுக்கு வந்துட்டான். அப்ப கவர்லதேன் சம்பளம்.

"அண்ணே, எனக்கு மாசம் நாப்பது ரூவா கூட்டுனாகள்ல?"

"கூட்டுனாகடா."

"ஆறு மாசத்துக்கு எரநூத்தி நாப்பது."

"பரவாயில்லயே, கணக்கெல்லாம் வருதே."

"போன தடவ வரி ஐநூத்திப் பத்து வெட்டுனீக. இந்தத் தடவ எழுநூத்தி அறுவது. எரநூத்தி அம்பது கூட. அப்பக் கூட்டிக் குடுத்தத விட வெட்டுனது பத்து ரூவா சாஸ்தி. சம்பளம் கூடுனதுக்கு அபராதமாண்ணே கட்டுறேன்?"

அவன் சொன்னது சரிதேன். ஆறு மாசச் சம்பளம் அறுவதாயிரத்தி அறுவது ரூவா. அறுவதாயிரங்கிற படிய அறுவது ரூவா தாண்டிப்புட்டான். குருசாமி அத நின்னு நெதானமா வெளங்க வச்சிருக்கலாம். பின்னால ஒரு வரிசையே வேடிக்கை பாக்குது, மனுசனுக்கு நாக்கு சும்மா இருக்கல.

"ஏலே, இது உசுரோட இருக்கிறவன் கட்டுற வரிடா. கட்ட இஷ்டமில்லன்னா செத்துப் போ. மறு மாசமே பேர எடுத்து விட்டுர்றேன்."

வரிசையே கொல்லுனு சிரிச்சுச்சு. வேல்பாண்டியுஞ் சிரிச்சான். ரிஜிஸ்டர இழுத்து நொட்டாங்கையில கையெழுத்துப் போட்டான். அவன் எழுதுறது எப்பவும் இடது கையிலதேன். எழுத்தெல்லாம் பின்னால சாஞ்சு நிக்கும், பேருக்குக் கீழ பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளி குத்துவான், கண்ணு மாதிரி. "சரிண்ணே"ன்னுட்டுப் போனான்.

போனவன் சாயங்காலம் போடியில மலை பஸ் ஏறியிருக்கான், மலைக்கு அங்கிட்டு பூப்பாறையில அக்கா வீட்டுக்கு. பாதி மலையில, ஒரு கொண்டை ஊசி வளைவுல, ஒண்ணுக்குப் போகணும்னு பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கியிருக்கான். மூடுபனி. கண்டக்டரு விசிலடிச்சாரு, ஆரனடிச்சாக, அரை மணி நேரம் காத்துக் கெடந்தாக. ஆளு வரல. போலீசும் பாரஸ்ட்டுக்காரகளும் மூணு நாள் எறங்கித் தேடுனாக. ஒரு செருப்புக்கூடக் கெடைக்கல. சீட்டுல அவன் பை மட்டும் இருந்துச்சு. உள்ள சம்பளக் கவரு, ஒரு நோட்டுக் கொறையல. சம்பளச் சீட்டுல தொழில் வரிங்கிற எடத்துக்கு அடியில பேனாவுல கோடு. கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி.

போலீசு அந்தச் சீட்டக் கொண்டாந்து "இது என்ன குறி?"ன்னு கேட்டப்ப குருசாமி மூக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. "அது அவங்கையெழுத்துங்க"ன்னாரு. தான் என்ன சொன்னோம்னு சொல்லல.

அந்த ஆறு மாசம் மனுசன் தூங்குனதே கம்மி. பிப்ரவரி வந்துச்சு. மில்லு லிஸ்ட்டுல வேல்பாண்டி பேர எடுத்தாச்சு. லிஸ்ட்டயும் செக்கயும் தூக்கிக்கிட்டுப் பேரூராட்சி ஆபீசுக்குப் போனவருக்கு கவுண்டர்ல நிக்கும்போது ஒண்ணு தோணுச்சு. வரி கட்டுறவன் உசுரோட இருக்கிறவன். அப்ப கட்டிக்கிட்டே இருந்தா? லிஸ்ட்டுல விட்டுப்போனவகளுக்குன்னு ஒரு சின்ன பாரம் உண்டு. பேரு, ஆறு மாச வருமானம், வரி, கையெழுத்து. அதுல வேல்பாண்டி பேர எழுதி, அறுவதாயிரத்தி அறுவதுன்னு போட்டு, தன்னோட குண்டு குண்டு எழுத்துலயே வேல்பாண்டின்னு கையெழுத்தும் போட்டு, எழுநூத்தி அறுவது ரூவாயத் தன் பையில இருந்து எடுத்துக் கட்டிப்புட்டாரு. ரசீத மடிச்சு கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு. அன்னைக்கு நல்லாத் தூங்குனாரு.

அப்பறம் என்ன, பழகிப் போச்சு. வருசத்துக்கு ரெண்டு தடவ. பேரூராட்சியில வரியக் கூட்டுனப்ப ஆயிரத்துச் சொச்சம் ஆச்சு, அதயுங் கட்டுனாரு. சம்பளம் பேங்க்ல ஏற ஆரம்பிச்சப்ப ஏ.டி.எம்.ல எடுத்துக் கட்டுனாரு. ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் புருசன் சம்பளம் சொன்ன மனுசன், தன் பொண்டாட்டிக்கு மட்டும் கணக்கு ஒப்பிக்க முடியல.

"எல்லாருக்கும் ஒரு வெட்டுன்னா உங்களுக்கு மட்டும் எப்பிடி ரெண்டு வெட்டு?"ன்னா பஞ்சம்மாள்.

"சீனியரு. எனக்குக் கூடத்தேன் வெட்டுவாக."

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா மட்டும் காசு கேக்குற சின்ன வீடு எந்த ஊர்லங்க இருக்கு? சொன்னா நானும் போயி அந்த மகராசியக் கும்புட்டு வருவேன்."

இது வரைக்குஞ் சிரிச்சுட்டுப் போயிரலாம். ஆனா ஒவ்வொரு தடவ வரி கட்டி முடிச்ச அந்த வாரத்துக்குள்ள யாராச்சும் வந்து ஒரு சேதி சொல்லுவாக. மொத தடவ ஏலக்காத் தோட்டத்து ஜீப் டிரைவரு. "அண்ணே, உங்க மில்லு வேல்பாண்டிய பூப்பாறை டீக்கடையில பாத்த மாதிரி இருந்துச்சு." அடுத்த ஆறு மாசங் கழிச்சு, மலை உச்சியில போடிமெட்டு செக்போஸ்ட்டுல பாத்ததா ஒருத்தன். அப்பறம் ரெண்டு மூணு வருசம் மலை ரோட்டுலயேதேன். எட்டாவது வளைவு, அஞ்சாவது வளைவுன்னு பஸ்காரக பேசிக்கிட்டாக. அப்பறம் மலைக்குக் கீழ முந்தல். அப்பறம் போடி பஸ் ஸ்டாண்டு. போன வருசம் மில்லுக்குப் பக்கத்து ஊரு கோடாங்கிபட்டி. குருசாமிக்கு ரசீதுத் தேதியும் ஊரும் ரெண்டும் மனப்பாடம். ஒரு ரசீதுக்கு ஒரு எட்டு. ஆளு எறங்கி வந்துக்கிட்டிருக்கான். எவன்ட்டப் போயிச் சொல்றது?

இந்தப் பிப்ரவரியில பதிமூணாவது ரசீது. நாலாம் நாள், மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கிற நாகராஜ் கூப்புட்டான்.

"அண்ணே, வேல்பாண்டி மாதிரியே ஒருத்தன் வந்து டீ குடிச்சான். தல நெறயப் பஞ்சு. நொட்டாங்கையில கிளாஸப் பிடிச்சிருந்தான். காசு கேட்டேன், குருசாமி அண்ணன் குடுப்பாருன்னுட்டுப் போயிட்டான். பத்து ரூவா."

குருசாமி பத்து ரூவாயக் குடுத்தாரு. "மில்லுக்குள்ள போனானா, வெளிய போனானா?"ன்னு கேட்டாரு.

"அதக் கவனிக்கலண்ணே."

ஜூன் மாசம் வேல்பாண்டி பொண்டாட்டி உமாதேவி ஆபீசுக்கு வந்துச்சு. போடியில ஏலக்கா தரம் பிரிக்கிற கடையில வேலை. வந்து நின்னாலே ரூமெல்லாம் ஏலக்கா மணம். மக நர்சிங் காலேஜுல சேந்திருக்கு, பாதி பீசுதேன் கட்டியிருக்கு.

"மிச்சத்தத் தை பொறக்குறதுக்குள்ள கட்டலன்னா சீட்டு இல்லங்கிறாகண்ணே. அவுகளுக்குச் சேர வேண்டிய பணம் மில்லுல கெடக்கு. செத்ததுக்குச் சர்ட்டிபிகேட் இல்லாம தரமாட்டேங்கிறாக. வக்கீலு ஒரு வழி சொன்னாரு. ஏழு வருசமா ஒருத்தரப் பத்தி ஒரு தகவலும் இல்லன்னா, எறந்துட்டதாக் கோர்ட்டுல ஆர்டர் வாங்கலாமாம். வர்ற ஆகஸ்டோட ஏழு வருசம்."

குருசாமி கை கண்ணாடிக் கூட்டத் தொட்டுச்சு. தகவல் இல்லாமலா இருக்கு? பதிமூணு தகவலு, முத்திரை குத்தி, கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு. பாவம்னு கட்டுன வரி அந்தப் பிள்ளை படிப்புக்குக் குறுக்க வந்து நிக்குது. அன்னைக்கே முடிவு பண்ணுனாரு, இனிமே கட்டுறதில்ல. வீட்டுல போயிப் பஞ்சம்மாள்ட்டயும் சொன்னாரு. "இந்த ஆகஸ்டுல இருந்து எனக்கு ஒரே வெட்டுதேன்."

"ஏன், அவளுக்கு வேற ஆளு கெடச்சுருச்சா?"ன்னா அந்தம்மா.

ஆகஸ்டு வந்துச்சு. ஆடிக் காத்து போடி மலையில இருந்து எறங்கி மில்லுத் தகரத்தப் பிச்சு எடுக்குது. குருசாமி லிஸ்ட்ட மூணு தடவ சரி பாத்தாரு. எரநூத்திப் பன்னெண்டு பேரு. பேரூராட்சி ஆபீசுல லிஸ்ட்டயும் செக்கயும் நீட்டிட்டு, அந்தச் சின்ன பாரத்துப் பக்கம் திரும்பியே பாக்காம வீட்டுக்கு வந்துட்டாரு. அப்பிடித்தேன் அவருக்கு நெனப்பு.

ஏ.டி.எம்.ல எடுத்த சம்பளத்த எண்ணுன பஞ்சம்மாள் ஏறிட்டுப் பாத்தா. "ஆயிரத்தி எரநூத்தி அம்பது கொறையுது."

"எண்ணுனது தப்பு."

ரெண்டு பேரும் சேந்து எண்ணுனாக. கொறையுது. எங்கனயோ விழுந்திருக்கும்னாரு. ஆனா அது விழுந்த காசு இல்லன்னு அவருக்கு அப்பவே உள்ளுக்குள்ள தெரியும். ஆயிரத்தி எரநூத்தி அம்பதுங்கிறது தொழில் வரியில கடைசிப் படி. எழுபத்தஞ்சாயிரத்துக்கு மேல வாங்குறவுக கட்டுறது.

மறு மாசம் ரசீதுக் கட்டு மில்லுக்கு வந்துச்சு. பேரு வாரியாப் பிரிச்சு வச்சாரு. எரநூத்திப் பன்னெண்டு. கையில ஒண்ணு மிஞ்சுச்சு. வேல்பாண்டி. ஆறு மாச வருமானம் எம்பத்தோராயிரத்தி நானூத்தி இருபது. வரி ஆயிரத்தி எரநூத்தி அம்பது.

குருசாமிக்கு மொதல்ல வேர்க்கல, கணக்குதேன் ஓடுச்சு. முப்பத்தோரு வருசப் பழக்கம். இவரு எப்பவும் எழுதுனது அறுவதாயிரத்தி அறுவது. இந்த எம்பத்தோராயிரம் எங்க இருந்து வந்துச்சு? கம்ப்யூட்டர்ல உக்காந்து வேல்பாண்டியோட பழைய அடிப்படைச் சம்பளத்தப் போட்டாரு. ஒவ்வொரு வருசமும் கூட்டுனதச் சேத்தாரு. பஞ்சப்படி, ஷிப்ட்டுப் படி, எல்லாம். மாசம் பதிமூவாயிரத்தி ஐநூத்தி எழுபது. ஆறால பெருக்குனாரு. எம்பத்தோராயிரத்தி நானூத்தி இருபது.

ஒரு ரூவா பிசகல. ஏழு வருசமா ஒரு நாள் லீவு போடாம ப்ளோ ரூம்ல வேலை பாத்திருந்தா வேல்பாண்டிக்கு இன்னைக்கு என்ன சம்பளமோ, அது. அந்தக் கணக்கப் போடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தேன் மில்லுல உண்டு. கம்ப்யூட்டர் கண்ணாடியில அவரு மூஞ்சி தெரிஞ்சுச்சு. தலையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. டைம் ஆபீசுக்குள்ள பஞ்சு பறக்காது.

மறுநாள் காலையிலயே பேரூராட்சி ஆபீசுல போயி நின்னாரு. கவுண்டர்ல ஜெஸ்லின்னு ஒரு பொண்ணு. நல்ல பிள்ளை, யாரு வந்தாலும் மொகம் குடுத்துப் பேசும்.

"ஏம்மா, இந்த வேல்பாண்டி பேருல வரி கட்டுனது யாரும்மா?"

அந்தப் பொண்ணு ரசீதப் பாத்துச்சு, இவரப் பாத்துச்சு, சிரிச்சுச்சு. "என்னண்ணே, சோதிக்கிறீகளா? நீகதான கட்டுனீக."

"நானா?"

"லிஸ்ட்டக் குடுத்துட்டு வாசல் வரைக்கும் போனீக. திரும்பி வந்து பாரம் கேட்டீக. நாங்கூட கேட்டேன்ல, என்னண்ணே கை மாத்தி எழுதுறீக, சோத்தாங்கையில வலியான்னு. நீக ஒண்ணுஞ் சொல்லல. மேலெல்லாம் பஞ்சா இருந்துச்சு. தொடச்சுக்கங்கன்னு டிஷ்யூ குடுத்தேனே, நெனப்பில்லயா?"

பாரத்த எடுத்துக் காட்டுச்சு. பின்னால சாஞ்ச எழுத்து. பேருக்குக் கீழ ரெண்டு புள்ளி.

குருசாமி நாற்காலியப் பிடிச்சு உக்காந்துட்டாரு. ஜெஸ்லின் தண்ணி குடுத்துச்சு. டம்ளர எந்தக் கையில வாங்குனோம்னு அவரு குனிஞ்சு பாத்தாரு. வலது கைதேன். கொஞ்சம் உசுரு வந்துச்சு.

ஐப்பசியில, அவரு பயந்தபடியே உமாதேவி வந்துச்சு. கையில ஒரு ஜெராக்ஸ் கட்டு. வக்கீலு திலீபன், கேஸுக்கு வேணும்னு உள்ளூர் ஆபீசுகள்ல எல்லாம் எழுதிக் கேட்டிருக்காரு. ஓட்டு லிஸ்ட்டுல தகவல் இல்ல, ரேசன்ல இல்ல. பேரூராட்சியில மட்டும் இருக்கு.

"அண்ணே, அவுக வரி கட்டிக்கிட்டு இருக்காகளாம். சம்பளங்கூட ஏறியிருக்காம்." அந்தப் பொண்ணு அழுகல. கண்ணு மட்டும் அகண்டு போயிருந்துச்சு. "எங்கண்ணே இருக்காக? நானும் பிள்ளையும் இங்கன சாக, எந்த ஊர்ல சம்பாதிக்கிறாக?"

குருசாமி எல்லாத்தையுஞ் சொல்லிட்டாரு. ஜன்னல்ல அவன்ட்ட அடிச்ச கேலியில இருந்து கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்த ரசீது வரைக்கும். பதிமூணையும் எடுத்து மேசையில பரப்புனாரு.

உமாதேவி ஒவ்வொண்ணா எடுத்துத் தேதியப் பாத்துச்சு. அப்பறம் மெதுவாச் சொல்லுச்சு. "தெனமும் பொட்டு வைக்கும்போது கண்ணாடியப் பாத்து இது யாருக்குன்னு கேப்பேன்ணே. நீக ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதுக்கு ரசீது வாங்கியிருக்கீக."

"தப்புதேன் ஆத்தா. கோர்ட்டுல வந்து நாந்தேன் கட்டுனேன்னு சொல்லிர்றேன். வேலை போனாலும் போகட்டும்."

"பதிமூணு உங்க எழுத்து. தெரியுது." கடைசி ஜெராக்ஸத் தனியா எடுத்துச்சு. "இது அவுக எழுத்து. இத யாருண்ணே எழுதுனது?"

குருசாமி அந்த ஜெராக்ஸ வாங்கிக் கவுத்து வச்சாரு.

"நீக எழுதலன்னு சொன்னா அவுக உசுரோட இருக்காகன்னு ஆயிரும். இன்னும் ஏழு வருசம் நான் உக்காரணும். பிள்ளை படிப்பு போச்சு. இருந்தா வரட்டும்ணே, இல்லன்னா விடட்டும். ரெண்டுங் கெட்டு நிக்க எனக்குத் தெம்பில்ல. பதினாலும் நாந்தேன்னு சொல்வீகளா?"

"சொல்றேன்"னாரு. சொன்னதும் ஜன்னலுக்கு வெளிய யாரோ தொண்டயக் கனைச்ச மாதிரி இருந்துச்சு. உமாதேவியுந் திரும்பிப் பாத்துச்சு. யாருமில்ல. அது துண்டால மூக்கப் பொத்திக்கிட்டுக் கெளம்பிருச்சு. பஞ்சுத் தூசி எப்பவும் அதுக்கு ஆகாது.

பெரியகுளம் கோர்ட்டுல கார்த்திகை மாசம் விசாரணை. பதினொரு மணி, நல்ல வெயிலு. குருசாமி கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிட்டு, பதினாலு பாரமும் நாந்தேன் எழுதுனேன்னு சொன்னாரு. ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலாப் பாத்தாக.

"காணாமப் போனவர் பேர்ல எதுக்கு வரி கட்டுனீங்க?"

"பேரு அழிஞ்சுறக் கூடாதுன்னுங்க."

"உங்க சம்பளம் எவ்வளவு? அதுல இதுவும் போனா கைக்கு என்ன வரும்?"

"கொறையத்தேன் வருங்க. வீட்டுல பதினாலு சண்டை."

கோர்ட்டுல லேசாச் சிரிப்பு. ஜட்ஜம்மா சிரிக்கல. பாரங்களப் பொரட்டுனாக. "பதிமூணு ஒரு எழுத்து. கடைசி ஒண்ணு வேற எழுத்து. இது உங்களோடதா?"

"என்னுதுங்க."

"எழுதிக் காட்டுங்க."

ஒரு வெள்ளத் தாளும் பேனாவும் வந்துச்சு. குருசாமி வலது கையில எழுதுனாரு. வேல்பாண்டி. குண்டு குண்டா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து. பின்னால சாச்சுப் பாத்தாரு, சாயல. ரெண்டு புள்ளி வச்சாரு, அது என்னமோ ஈ உக்காந்த மாதிரி இருந்துச்சு.

ஜட்ஜம்மா தலைய ஆட்டுனாக. "இது அது இல்ல. பொய் சாட்சி சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? இந்தக் கடைசிப் பாரத்த அந்த வேல்பாண்டியே எழுதியிருந்தா, அவர் உயிரோட இருக்கார்னுதான் அர்த்தம். மனுவத் தள்ளுபடி பண்ண வேண்டியதுதான்."

பெஞ்சுல உமாதேவி எந்திரிச்சு நின்னுருச்சு. பக்கத்துல மக. அந்தப் பிள்ளை அம்மா சேலை முந்தியச் சுருட்டிப் பிடிச்சிருந்துச்சு.

குருசாமி தலையக் குனிஞ்சாரு. உதடு அசையாம, மனசுக்குள்ள கூப்புட்டாரு. ஏலே வேல்பாண்டி, ஏழு வருசமா ஒரு எட்டு ஒரு எட்டா வந்துக்கிட்டிருக்க. உள்ள வர்றதுன்னா இப்ப வாடா. உம் மகளுக்காக வா.

வெளிய வெயிலு அடிச்சது அடிச்சபடி இருக்கு, அவருக்கு மட்டும் பனி எறங்குன மாதிரி முதுகு சில்லுன்னுச்சு. பேனாவ இடது கைக்கு மாத்துனாரு. மாத்துனாருன்னு சொல்றோம், இடது கை வந்து வாங்கிக்கிருச்சு. கட்டவிரலு பிடிக்கிற தினுசே வேற. அவரு பாத்துக்கிட்டே இருக்காரு, அது எழுதுது. பின்னால சாஞ்சு, சர்ருன்னு, தயங்காம. வேல்பாண்டி. கீழ ரெண்டு புள்ளி. டொக்கு டொக்குன்னு.

ஜட்ஜம்மா பாரத்தயும் தாளயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாக. "ரெண்டு கையிலயும் எழுதுவீங்களா?"

"பழக்கமாயிப் போச்சுங்க"ன்னு குருசாமி சொன்னாரு. அந்தக் குரலக் கேட்டு உமாதேவி மகளோட காத ரெண்டையும் பொத்திருச்சு.

அதுக்கப்பறம் எல்லாம் சட்டுனு முடிஞ்சுச்சு. நல்ல மனசுல பண்ணுனாலும் இப்பிடி அடுத்தவன் பேர்ல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு குருசாமிக்குக் கண்டிப்பு. வேல்பாண்டி எறந்துட்டதாக் கருதலாம்னு ஆர்டரு. மார்கழியில மில்லு பணத்தக் குடுத்துச்சு, பீசு கட்டியாச்சு, பிள்ளை வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டுக் காலேஜுக்குப் போகுது. கோர்ட்டு வாசல்லயே உமாதேவி குருசாமி கால்ல விழ வந்துச்சு. கிட்ட வந்து, அவரு நொட்டாங்கையப் பாத்துட்டு, அப்பிடியே நின்னு, கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருச்சு. யாரக் கும்புட்டுச்சுன்னு கேட்டா அதுக்கே தெரியாது.

பஞ்சம்மாளுக்கும் விசயம் தெரிஞ்சு போச்சு. "சின்ன வீட்டுக்குக் குடுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல, செத்தவனுக்கா சம்பளத்தக் குடுத்தீக"ன்னு நாலு நாள் பேசல. அஞ்சாம் நாள் அதுவே பயந்துபோயிப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. சோத்தாங்கையில சாப்புடுறவரு, தண்ணிச் செம்ப இடது கையில வாங்குறாரு. காலையில தலையணையெல்லாம் பஞ்சு. இலவம் பஞ்சு பிரிஞ்சிருக்கும்னு அந்தம்மா உறையப் பிரிச்சுப் பாத்துச்சு. அது ஸ்பாஞ்சுத் தலையணை.

சனவரி ஏழாந் தேதி. சம்பளம் பேங்க்ல ஏறுனாலும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வேணும். எல்லாரும் போட்டு முடிச்சாக. கடைசியா குருசாமி பேரு. அவரு பேனாவத் தொடல. மேசை டிராயரத் தொறந்து ஸ்டாம்பு பேட எடுத்து வச்சாரு.

வரிசையில நின்னவனுக விழுந்து விழுந்து சிரிச்சாக. "என்னண்ணே, முப்பத்தோரு வருசமா எங்களக் கையெழுத்துப் போடச் சொல்லி வெரட்டிட்டு, இப்ப நீக கைநாட்டா?"

"எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சுடா"ன்னாரு. வலது கையில பேனாவ எடுத்தா இடது கை வந்து பிடுங்குதுங்கிறத அவனுகட்ட எப்பிடிச் சொல்ல?

"ஆம்பளைன்னா இடது கைப் பெருவெரல்தேன் வைக்கணும்ணே. சட்டம் தெரியாதா?"ன்னான் ஒருத்தன்.

குருசாமி வலது கைப் பெருவெரல மையில ஒத்தி, தன் பேருக்கு நேரா அழுத்தி வச்சாரு. இடது கை பேண்ட் பைக்குள்ள இருந்துச்சு. அது உள்ள சும்மா இல்லங்கிறது, துணி அசையிற அசைவுலயே தெரிஞ்சுச்சு.